தூங்குகிறவருக்கு ஞானஸ்நானம்

அண்ணன் கையில் இருந்தது பஸ் ஸ்டாண்டில் விற்கிற சாதாரணத் தண்ணீர் பாட்டில். லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளே கோயில் தீர்த்தத்தை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். லேபிள் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுவென்று மிச்சமிருந்தது.

நல்ல மத்தியான வெயில். எங்கள் வீடு பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம். ஜன்னல் கம்பியை எத்தனை தடவை துடைத்தாலும் வெள்ளையாக மண்தூசு படிந்துவிடும். அந்த ஜன்னலோரக் கட்டிலில் என் கணவர் தனபால் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் என்று நான் சொல்வது மாத்திரை கொடுத்த மயக்கத்தை. வயிற்றில் கட்டி. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் அருளப்பன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே கட்டிலுக்குப் போனார். பின்னால் அண்ணி லூர்து, கையில் ஜெபமாலையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணன் பாட்டில் மூடியைத் திருகினார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

சாகக் கிடக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கோயில் சாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை. நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ வருஷமாக நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆனால் அந்தப் பாடத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. வளர்ந்த ஆளாக இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும்.

சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டிருந்தேன்.

"தூங்கறப்ப ஊத்திட்டா அவருக்குத் தெரியவா போவுது மேரி? ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார் அண்ணன், கெஞ்சுகிற குரலில்.

"அதத்தான் அண்ணே நானும் சொல்றேன். இவரு சம்மதிக்கலன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

பவுடர் போட்டவள்

பீங்கான் கம்பெனியில் அச்சிலிருந்து வருகிற பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அப்போது எங்கள் குடும்பம் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் வரும் தனியார் பஸ்தான் எனக்குக் காலையும் மாலையும். அதில் கண்டக்டர் இவர்.

வேலை முடிந்து ஏறும்போது என் புருவம், காதோரம் எல்லாம் வெள்ளை மண்ணாக இருக்கும். ஒருநாள் டிக்கெட் கிழித்துக்கொண்டே, பவுடரைக் கொஞ்சம் கம்மியாகப் போடக் கூடாதா என்று கேட்டார். நான் முறைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஜன்னலோர சீட்டில் இருந்த ஒரு ஆளை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். நெற்றியில் மெலிசாக ஒரு கோடு நாமம் இருக்கும். கல்யாணம் என்று பேச்சு வந்ததும் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அடுப்பைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கடைசியில் அப்பா ஒப்புக்கொண்டார். பிஷப்பிடம் அனுமதி வாங்கி, பூசை இல்லாமல், ஜெபம் மட்டும் சொல்லிக் கோயிலில் தாலி கட்ட வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் அப்போதிருந்த சாமியார் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பிறக்கிற பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்க்கச் சம்மதமா? இவர் சரி என்றார்.

சொன்னதைச் செய்தார். எங்கள் மகள் ஷீபாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பியது நான் இல்லை, அவர். தலை சீவி, ஷூ மாட்டி, எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிடுவார். எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு மதில் ஓரம் நிற்பார். பூசை முடிகிறவரை அங்கேயேதான். எத்தனையோ தடவை உள்ளே கூப்பிட்டேன். வெளியிலேயே நல்லாக் கேட்குதே என்பார்.

எல்லாம் ஒன்றுதான் என்று பூசி மெழுகுகிறவள் அல்ல நான். என் விசுவாசம் எனக்கு உயிர். அவரும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வேண்டிக்கொண்டேன், வேளாங்கண்ணிக்கு நடந்தேன். புதுச்சேரியிலிருந்து திரும்பிய வாரம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் நினைவோடு இருந்த நேரம் அது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எனக்கு உள்ளார அப்படித் தோணல மேரி. செத்துப் பூடுவோம்னு பயந்துகிட்டு இப்ப சரின்னு சொன்னா, உங்க சாமிகிட்ட மொத மொதல்ல போயி பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அது வேணாம்."

அழுகை வந்தது. அதற்கு மேல் அவரிடம் நான் கேட்கவில்லை.

ஸ்பீக்கரில் கேட்டவர்

கட்டிலருகே நின்ற அண்ணனைக் கொடியவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் கோயில் பங்கில் ஜெபக்குழுவை நடத்துகிறவர். உலக முடிவில் ஆண்டவர் தீர்ப்புச் சொல்லும் பொதுத்தீர்வையை, நாளைக்கு வருகிற பஸ் மாதிரி நம்புகிறவர். அன்றைக்கு எல்லாரும் வலது பக்கம், இடது பக்கம் என்று பிரிந்து நிற்கும்போது, தன் மாப்பிள்ளை இந்தப் பக்கம் இருக்க மாட்டாரே என்று நிஜமாகவே துடித்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரிந்தவரிடம் கேட்கிற கணக்கை ஆண்டவர் தெரியாதவரிடம் கேட்க மாட்டார். எஜமானுடைய மனசு தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்குத்தான் அடி அதிகம், தெரியாதவனுக்குக் கம்மி என்று வேதத்திலேயே இருக்கிறது. மனிதனுக்குள் எவ்வளவு வெளிச்சம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் கேள்வி.

அண்ணன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். நல்ல பதில். இன்றைக்கும் அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

"காட்டுல கெடக்கறவன் தெரியாதுன்னு சொல்லலாம். மாப்ள அப்படியா? இத்தினி வருசமா கோயில் வாசல்ல நின்னுகிட்டு ஸ்பீக்கர்ல ஒரு பிரசங்கம் விடாம கேட்டவரு. அவருக்குச் சொல்லலன்னு நீ எப்பிடிச் சொல்லுவ? கேட்டுட்டு வராதவரு அவரு."

அண்ணன் சொன்னது உண்மை. அவர் கேட்டார். என்னைவிடக் கவனமாகவே கேட்டார். சில ஞாயிறுகளில் வீட்டுக்கு வரும் வழியில் சாமியார் சொன்ன கதையைப் பற்றி என்னிடமே சந்தேகம் கேட்பார்.

பிறகு எனக்குள் ஏதோ கிளம்பியது. அது கோபம்தான். வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

"கேட்டது ஸ்பீக்கர்ல அண்ணே. கண்ணால பார்த்தது நம்மள. அவரு பார்த்த வேதம் நாமதான். என்னப் பார்த்தாரு. உங்களையும் பார்த்தாரு, அந்த பஸ்ஸுல."

முன் சீட்டு

இதை நான் பேசக் கூடாது என்று என் கணவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஷீபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது.

சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். இவர் வேலை பார்த்த பஸ் விருத்தாசலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போன இன்னொரு தனியார் பஸ்ஸை முந்துகிற வெறி டிரைவருக்கு. கருவேப்பிலங்குறிச்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஆளை இடித்துவிட்டது. ஆள் உயிரோடு இருந்தார். கால் நசுங்கிப்போயிருந்தது.

டிரைவர் வண்டியை எடுக்கப் பார்த்தார். இவர் விசிலை விட்டெறிந்துவிட்டு இறங்கினார். அந்த ஆளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த லாரி ஒன்றை மறித்து, விருத்தாசலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆள் தானாக வந்து விழுந்தான் என்று சொல்லச் சொன்னார் பஸ் முதலாளி; இவர் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி சொன்னார். எங்கள் பஸ்தான் எதிர்ப்பக்கம் ஏறியது, தப்பு எங்களது என்று. மறுநாளிலிருந்து வேலை இல்லை. வேறொரு முதலாளி கூப்பிடுகிறவரை பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன். இடிப்பதற்கு முந்தின நிமிஷம் வரை இவரோடு மாதா கோயில் தேர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர். போலீஸ் கேட்டபோது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் அதையே சொன்னார். நாங்களும் நம்பினோம்.

வெகு நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சில்தான் உண்மை இவர் வாயிலிருந்து வந்தது. நான் கொதித்தேன். இவர் கொதிக்கவில்லை. உங்க அண்ணன் பயந்துட்டாரு, அவ்வளவுதான், பயந்த மனுசனைப் போய்த் திட்டாதே என்றார். அண்ணனிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணன் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

இத்தனையும் அந்த மத்தியானத்தில் நான் சொல்லிவிட்டேன். சத்தமாக இல்லை. கட்டிலில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது என்று தணிந்த குரலில்தான் சொன்னேன். உண்மை உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, நீங்கள் தூங்குகிறேன் என்றீர்கள். ஞானஸ்நானம் வாங்காத இவர் அதே உண்மைக்காக வேலையை இழந்தார். இப்போது இவர் தூங்குகிறார் என்று தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் அந்தத் தீர்வை நாளில் போய் நில்லுங்கள். ஆண்டவர் யாரிடம் என்ன கேட்கிறார் என்று பார்க்கலாம்.

மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோர்ட்டு, கேஸ் என்று எப்படி அலைவது என்று அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வாசற்படியில் நின்ற அண்ணியை அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணிக்கு அதுவரை தெரியாது. அதை அண்ணியின் முகத்தில் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன். ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அவர் தெருவில் இறங்கி நடந்தார். அண்ணன் பின்னாலேயே போனார்.

சாயங்காலம் இவர் விழித்தார். பாதி காதில் விழுந்திருக்க வேண்டும். ஏன் சொன்னே என்று கேட்டார். அண்ணியும் இருந்தாங்களா என்றார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பாவம் என்றார்.

வாக்கை மீறியதற்காக நான் வருந்துகிறேனா என்று பின்னால் ஷீபா கேட்டாள். இல்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

அடுத்த வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் பங்காளிகள் வந்து, நெற்றியில் நாமம் இட்டு, மணிமுத்தாற்றங்கரையில் அவர்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள். நான் தடுக்கவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து என் ஜெபத்தை நான் சொன்னேன். அதை அவர்கள் தடுக்கவில்லை.

பங்குத்தந்தை கூப்பிட்டார்

ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற ஒருவரே தன் வீட்டில் ஒரு ஆத்துமாவைக் கைவிட்டுவிட்டார் என்று யாரோ போட்டார்கள். பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. பெற்றோர் சிலர் பங்குத்தந்தையிடம் போய், அந்த டீச்சரிடம் எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்றார்கள்.

பங்குத்தந்தை இளைஞர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னை அறையில் உட்கார வைத்து, துக்கத்தில் இருக்கிறீர்கள், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் துக்கத்துக்கு ஓய்வு வேண்டாம் ஃபாதர் என்றேன். வகுப்பை விட்டு என்னை நீக்குவதாக இருந்தால் காரணத்தைப் பீடத்திலிருந்து சொல்லி நீக்குங்கள், நானும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அவர் மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார். பொதுத்தீர்வை பாடத்தை இந்த வருஷம் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்களுக்கு அதை ஒரு படத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே மேகம், கீழே நெருப்பு. நெருப்பில் கிடந்தவர்கள் எல்லாம் வேட்டி கட்டிய கறுத்த ஆட்கள், எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் மாதிரியே. மேகத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தை நான் காட்ட மாட்டேன் என்றேன். பசித்தபோது சோறு போட்டாயா, நோயில் கிடந்தபோது வந்து பார்த்தாயா என்றுதான் அங்கே கேள்வி. செய்தவர்கள், ஆண்டவரே உமக்கு எப்போது செய்தோம் என்று திகைக்கிறார்கள். யாருக்குச் செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த நமக்குத்தான் ஃபாதர் பயம் வேண்டும். பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வேன். ஞானஸ்நானம் மோட்சத்துக்கு ஒரு பாஸ் இல்லை, அது ஒரு கடமை என்று சொல்வேன்.

நீங்கள் சொல்வதில் தப்பில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். திருச்சபை போதிப்பதும் ஏறக்குறைய அதுதான் என்றார். ஆனால் ஜனங்களுக்கு இப்போது அதைச் சொன்னால் குழப்பம் வரும் என்றார்.

எனக்கு அந்தப் பேச்சுதான் பொறுக்கவில்லை.

"படிச்சவங்க நீங்க. தெரிஞ்சிகிட்டே சொல்லாம இருந்தா அந்தக் கேள்வி என்கிட்ட வராது ஃபாதர். உங்ககிட்டத்தான் வரும்."

மரியாதை இல்லாத பேச்சு என்று அவர் என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். அவர் முகம் சிவந்தது. கண்ணாடிக் குண்டைத் தள்ளி வைத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கு வந்துவிடுங்கள் என்றார்.

போனேன். பாதிப் பெஞ்சு காலி. இருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினேன்.

கல்லறைத் திருநாள்

எங்கள் பங்கில் கல்லறைத் திருநாள் பூசையில், அந்தந்தக் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைப் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். பெயர் வரும்போது வீட்டார் எழுந்து நிற்பார்கள். வாசித்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இவர் பெயரையும் கொடுத்தேன். பெயர் வாங்குகிற கமிட்டிக்காரர் தயங்கினார். இது இறந்த விசுவாசிகளின் நாள் அம்மா, சார் விசுவாசியா என்று கேட்டார். கேலி இல்லை, பாவம், சந்தேகம்தான். அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள் என்றேன். எழுதினார். ஆனால் வாசிப்பார்களா என்று எனக்கு நிச்சயம் இல்லை. வாசிக்காவிட்டால் நானே எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். சென்னையிலிருந்து ஷீபா வந்திருந்தாள்.

கோயில் நிறைந்திருந்தது. சாமந்திப்பூ வாசனை. மெழுகுவர்த்திக் கட்டுகளை எல்லாரும் மடியில் வைத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அண்ணன். அந்த மத்தியானத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். பெண்கள் பக்கம், எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அண்ணி.

வழக்கமாகப் பெயர்களை, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் வாசிப்பார். அன்றைக்குப் பங்குத்தந்தை தாமே வந்து மைக் முன்னால் நின்றார். சவரிமுத்து என்றார். ஒரு குடும்பம் எழுந்து உட்கார்ந்தது. செபஸ்தியம்மாள் என்றார். ஞானாதிக்கம் என்றார். ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனபால்" என்றார்.

அந்தோணி என்றோ சூசை என்றோ முன்னால் ஒட்டு ஏதும் இல்லாத பெயர். கோயிலில் தலைகள் திரும்பின. பங்குத்தந்தை அடுத்த பெயருக்குத் தாவாமல் ஒரு மூச்சு நிறுத்தினார்.

நான் எழுந்தேன். ஷீபா எழுந்தாள்.

முதல் வரிசையில் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

எனக்கு முன்னால் அண்ணி எழுந்து நின்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல், நேரே பீடத்தைப் பார்த்தபடி.

அடுத்த பெயரை வாசித்தார். அதற்கடுத்த பெயரையும் வாசித்தார். கடைசிப் பெயர் முடிகிறவரை நாங்கள் மூன்று பேரும் உட்காரவில்லை.